சம்பந்தி வந்த புதன்கிழமை

அரியலூரில் பந்தல், மைக்செட் கடை வைத்திருந்தவன் நான். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு எந்தச் சாமியோடும் சண்டை கிடையாது. ஆடி பிறந்தால் மாரியம்மன் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன். நோன்பு வந்தால் பள்ளிவாசல் முன்னால் கஞ்சிக்குக் கொட்டகை போடுவேன். மார்கழிக் குளிரில் சர்ச்சுக்கு ஸ்டார் தொங்கவிட ஏணியோடு போவேன். மூன்று இடத்திலும் பாக்கி நிற்கும், மூன்று இடத்திலும் சாப்பாடு கிடைக்கும். அதனால் மூன்று பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துத் திட்டுகிற தைரியம் ஊரிலேயே எனக்கு மட்டும்தான் இருந்தது.

எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல். அதை ஏற்றிக்கொண்டு லாரிகள் பகலெல்லாம் போகும். கல்லெடுக்கிற ஊர்களின் நன்மைக்கென்று ஒரு நிதி வருகிறது என்று ஒருநாள் தெரிந்தது. அவ்வளவுதான், ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். கோயில் தர்மகர்த்தாவுக்கு ஒரு மண்டபம் வேண்டும். ஜமாத் செயலாளர் பாய்க்குக் கபர்ஸ்தானைச் சுற்றிக் காம்பவுண்டு வேண்டும். சர்ச் பள்ளிக்கூடத்து சிஸ்டருக்குப் புது வகுப்பறை வேண்டும். போதாக்குறைக்கு, பணத்தை மொத்தமாகப் போட்டு ஒரு சமுதாயக்கூடம் கட்டிவிடலாம் என்று ஆபீஸில் ஒரு பேச்சு ஓடியது.

அந்த ஐப்பசியில் எங்கள் கடைக்குப் பின்னால் இருக்கிற தெருவில் ஒரு வீட்டுச் சுவர் சரிந்தது. முழுக்க மண்சுவர்களும் சீட்டுக் கூரைகளும் உள்ள தெரு அது. லாரி போகும்போதெல்லாம் சட்டி பானை நடுங்கும். அன்றைக்கு மழையும் சேர்ந்துகொண்டது. நல்லவேளை, வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆட்டுக்குட்டிதான் மாட்டிக்கொண்டது. சத்தம் கேட்டு ஓடியவர்களில் தர்மகர்த்தாவும் பாயும் சிஸ்டரும் இருந்தார்கள். மூவரும் மண்ணைக் கையால் தள்ளினார்கள். குட்டி பிழைக்கவில்லை. கை கழுவ என் கடைக்குத்தான் வந்தார்கள். நகத்தில் புகுந்த மண் லேசில் போகவில்லை. பிறகு சிஸ்டர்தான், "எனக்கு கிளாஸ் ரூம் அப்புறம் கட்டிக்கலாம்ங்க" என்றார். பாய் தலையாட்டினார். தர்மகர்த்தா மட்டும், "மண்டபத்துக்கு வானம் தோண்டியாச்சேப்பா" என்று முனகினார். "அந்தக் குழியில உங்களைத்தான் எறக்கணும்" என்றேன். கோபித்துக்கொண்டு போனவர் மறுநாள் காலை முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. என் கடைக் குடோனில் சுருட்டி வைத்த ஜமுக்காளங்களின் மேல் உட்கார்ந்து கூட்டம் நடக்கும். பாய் வீட்டிலிருந்து சம்சா வரும். சிஸ்டர் தும்மிக்கொண்டே பேசுவார், ஜமுக்காளத் தூசி அவருக்கு ஆகாது. அந்தத் தெருவுக்கு வீடு கட்ட நிதியைக் கேட்டு பேனர் அடிப்பது என்று முடிவானதும், எந்தச் சாமி படம் முதலில் வருவது என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை. பொறுத்துப் பார்த்தேன். "மூணு சாமியும் எறங்கி வந்து செவுரு வைக்கப்போவுதா? படமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று கத்திவிட்டு, 'எங்களுக்கு வீடு வேண்டும்' என்று மட்டும் அடித்து வந்தேன். அந்த பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நாங்கள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போவோம். பாய் பக்கத்தில் இருப்பவரிடமெல்லாம் கதையைச் சொல்லி, இறங்குவதற்குள் அவரையும் எங்கள் கட்சியில் சேர்த்துவிடுவார். அப்படிச் சிரித்துக்கொண்டு நான் வேறெந்தக் காரியத்துக்கும் அலைந்ததில்லை.

கடைசியில் ஒரு ஆபீசர் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். தெருவை அவர் பார்த்து எழுதுவதைப் பொறுத்துத்தான் பணம் வீடுகளுக்கா, சமுதாயக்கூடத்துக்கா என்று முடிவாகும். வந்தவரை முதலில் எந்த வீட்டுக்குள் கூட்டிப்போவது என்பதில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. மேஸ்திரியம்மா வீடுதான்.

மேஸ்திரியம்மா என்றால் அவள் மேஸ்திரி இல்லை. அவள் வீட்டுக்காரன் கொத்தனார் மேஸ்திரி. டவுனில் பாதி வீடு அவன் கட்டியது. தன் வீட்டைக் கட்டுவதற்குள் போய்ச்சேர்ந்துவிட்டான். அவள் சித்தாள் வேலைக்குப் போய் ஒரே பெண்ணை வளர்த்து, எறையூர் சர்க்கரை ஆலைப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பெண் மாமியாரோடு இருந்தாள், அப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே? அந்த வீட்டில் எங்கே படுக்கவைப்பது? சந்துப்பக்கச் சுவரில் ஒரு வெடிப்பு, உத்தரத்திலிருந்து தரைவரைக்கும். அந்தப் பக்கம் யாராவது நடந்தால் இந்தப் பக்கம் நிழலாடும். "அண்ணே, புள்ள பொறக்குறதுக்குள்ள ஒரு செவுராவது நிக்குமாண்ணே?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். ஏதோ ஆபீஸே என் சட்டைப்பையில் இருக்கிற மாதிரி, "நிக்கும், நிக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆபீசர் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேதான் பிடித்தது சனி. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று, அதே புதன்கிழமை சம்பந்தியம்மா வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். வளைகாப்புக்கு நாள் குறிக்கணும், அப்படியே பெண் எங்கே படுக்கப்போகிறாள் என்று ஒரு கண் பார்த்துவிட்டுப் போகணும் என்று. சம்பந்தி வருவதை வேண்டாமென்று சொல்ல முடியுமா?

புதன்கிழமை காலையில் நான் போய்ப் பார்த்தபோது எனக்கு மயக்கமே வந்துவிட்டது. வாசலில் செம்மண் பட்டை போட்ட கோலம். நிலையில் மாவிலை. எதிர்வீட்டுக் கட்டில் உள்ளே வந்திருந்தது, பக்கத்து வீட்டு எவர்சில்வர் குடம் பளபளவென்று வரிசை கட்டியிருந்தது. ஆணியடித்து ஒரு அரக்குப் பட்டுப்புடவையை உத்தரத்திலிருந்து தரைவரைக்கும் தொங்கவிட்டிருந்தார்கள். வெடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. தெருப் பெண்கள் எல்லாரும் தலைக்கு ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

"அடிப்பாவிகளா! இன்னிக்கு ஆபீசர் வராருடி. வூட்ட இப்படி ஜோடிச்சு வச்சா எவன் பணம் குடுப்பான்?" என்றேன்.

மேஸ்திரியம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். "அண்ணே, ஆபீசரு இன்னிக்கு வருவாரு, நாளைக்கு மாத்தலாயிப் போயிருவாரு. சம்பந்தி சாவுற வரைக்கும் சம்பந்தி. எம் பொண்ணு அங்க வாழணும்ண்ணே. உங்க ஆத்தா வூடு குட்டிச்செவுருன்னு ஒரு வார்த்தை அவ காதுல வுழலாமா?"

"அந்தப் புடவைய மட்டுமாவது கழட்டு."

"என் உசுரக் கழட்டிட்டு அதைக் கழட்டுங்க."

பாயிடம் போய்ப் புலம்பினேன். "ஆபீசர் முன்னாடி வந்துட்டா தப்பிச்சோம். இன்ஷா அல்லாஹ் வந்துருவாரு" என்றார். முதலில் வந்தது சம்பந்தியம்மாதான். ஜெயங்கொண்டத்துச் சொந்தக்காரி ஒருத்தியையும், பூசினாற்போல் இருந்த மருமகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி, தாம்பாளத்தில் பழமும் பூவுமாக வந்தாள். ஒல்லியான உடம்பு, விறைப்பான நடை. எதற்கும் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்காரச் சொன்னதற்குக் கீழே பாயில் உட்கார்ந்தாள். காப்பி கொடுத்தார்கள். பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. கெட்டிக்காரி, குறை கண்டுபிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

காப்பி ஆறுவதற்குள் ஆபீசர் வந்துவிட்டார். சின்ன வயது, மரியாதையான ஆள். தர்மகர்த்தாவும் பாயும் சிஸ்டரும் பின்னாலேயே நுழைந்தார்கள். ஆபீசர் மாவிலையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார்.

"வீட்டை நல்லாத்தானே வச்சிருக்கீங்க?" என்றார். "மழைக்கு ஒழுகுதாம்மா?"

"இல்லீங்க சார்" என்றாள் மேஸ்திரியம்மா.

"சுவரெல்லாம் பலமா இருக்கா?"

மேஸ்திரியம்மா சம்பந்தியை ஒருதரம் பார்த்தாள். "ஒரு குறையும் இல்லீங்க சார். உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம்."

சிஸ்டர் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். தர்மகர்த்தா கூரையைப் பார்த்தார். என் நாக்கு நுனிக்கு வந்த வார்த்தையை எழுதினால் இந்தப் புத்தகத்தை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். எத்தனை பஸ், எத்தனை ஆபீஸ்! எல்லாம் ஒரு பட்டுப்புடவைக்குப் பின்னால் போயிற்று. ஆபீசர் வெளியே போகத் திரும்பினார். "அப்ப இந்தத் தெருவுக்கு அவ்வளவு அவசரம் இல்லன்னு..." என்று ஆரம்பித்தார்.

சம்பந்தியம்மா எழுந்தாள். நேரே சுவரிடம் போய், புடவையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். ஆணியோடு வந்து விழுந்தது. வெடிப்பு வழியாகச் சந்தில் நின்ற என் குட்டியானை வண்டியின் பச்சை நிறம் தெரிந்தது.

"சார், எஞ் சம்பந்தி பொய் சொல்லுறாங்க" என்றாள். "எம் மருமவ இந்தச் செவுத்தோரந்தான் புள்ளயோட படுக்கப்போறா. நீங்க கைய வச்சுப் பாத்துட்டு எழுதுங்க."

ஆபீசர் பக்கத்தில் போனார். விரலை வைத்தார், பிறகு கையையே உள்ளே விட்டார். நேரம் பார்த்து ஒரு லாரி போயிற்று. தாம்பாளத்துப் பழத்தின் மேல் மண் பொலபொலவென்று கொட்டியது. ஆபீசர் அடுத்த வீட்டுக்கு நடந்தார், அதற்கடுத்த வீட்டுக்கும் நடந்தார், கடைசி வீடு வரைக்கும் போனார்.

எங்களுக்குக் கும்பிடலாம் போல இருந்தது. ஆனால் மேஸ்திரியம்மா சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். "எம் மானத்தை நடுத்தெருவுல கொட்டிட்டீங்களே சம்பந்தி. நான் உங்களுக்கு என்ன கொறை வச்சேன்?" சம்பந்தியம்மா குனிந்தாள். புடவையை எடுத்து மடித்துக் கட்டிலில் வைத்தாள். மருமகளைக் கூட்டிக்கொண்டு, இலை போட்டிருந்தும் கை நனைக்காமல் போய்விட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "விடும்மா, அந்தம்மாவாலதான் காரியம் பலிச்சுது" என்று சொல்லிவைத்தேன். மேஸ்திரியம்மா கொஞ்ச நாளைக்கு என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

வளைகாப்பைத் தன் ஊர்க் கோயில் வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம், வீட்டுக்கு வரவேண்டாம் என்று சம்பந்தி சொல்லி அனுப்பியதும் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆயிற்று. "நம்ம குட்டிச்செவுரப் பாத்துட்டால்ல, இனி அவ வூட்டு வாசப்படிய நாம மிதிக்கக் கூடாதாம்" என்று தெருவெல்லாம் சொன்னாள். கோயில் வாசலிலேயே வளையல் போட்டு, ஏழு வகைச் சோறு பரிமாறி, பெண்ணை அங்கிருந்தே அழைத்து வந்துவிட்டாள்.

பணம் வந்தது. சமுதாயக்கூடத்துக்கு இல்லை, வீடுகளுக்கே வந்தது. தர்மகர்த்தா அம்மனுக்கு மாவிளக்குப் போட்டார், அந்த மாவைத் தின்று பாய்க்கு விக்கல் எடுத்தது. ஆனால் குழந்தை கவர்மெண்ட் வேலை முடியட்டும் என்றெல்லாம் காத்திருக்குமா? வீடு அஸ்திவாரம் தாண்டி பெல்ட் மட்டத்தில் நிற்கும்போதே ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை பிறந்துவிட்டான். சிஸ்டர் சர்ச் பக்கத்தில் ஞாயிறு வகுப்பு நடக்கிற அறையை ஒழித்துக் கொடுத்தார். அங்கேதான் தாயும் பிள்ளையும் இருந்தார்கள். பாய் வீட்டிலிருந்து பத்திய சூப் போகும். தர்மகர்த்தா வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, சர்ச் ஆச்சே என்று யோசித்து, சிஸ்டரிடம் அனுமதி கேட்க ஓடினார். சம்பந்தியம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து பேரனைப் பார்த்தாள், வெள்ளி அரைஞாண் போட்டாள், திரும்பினாள். மேஸ்திரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

புது வீட்டில் பால் காய்ச்சினோம். நானே பந்தல் போட்டு, நானே பாட்டுப் போட்டேன். தெருவே கூடியது. சம்பந்தியம்மா மட்டும் வரவில்லை. "பாத்தீங்களாண்ணே பெருமைய? புழுதிச் செவுத்துக்கு வந்து வாய் பேசுனவளுக்கு, பூசுன செவுத்துக்கு வரத் தோணல" என்றாள் மேஸ்திரியம்மா. "நாளைக்கு நேர்ல போயி நாலு கேள்வி கேக்குறேன். வண்டிய எடுங்க." எனக்கும் அன்றைக்குக் கோபம்தான். பேரன் வீட்டு விசேஷத்துக்கு வராத அப்பத்தா உண்டா? மகள்தான், "வேணாம்மா, போவாதம்மா" என்று தடுத்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் குட்டியானையில் போனோம். பெரம்பலூர் தாண்டி, கரும்பு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி அந்த ஊருக்குப் போய்ச்சேர வெயில் ஏறிவிட்டது. வீட்டு முன்சுவர் வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தது. வாசலில் கோலம். வண்டிச் சத்தம் கேட்டு சம்பந்தியம்மா ஓடிவந்து, நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள்.

"உள்ள வராதீங்க சம்பந்தி. சுண்ணாம்பு அடிச்சிருக்கேன், ஈரமா கெடக்கு. இப்படி மரத்தடியில உக்காருங்க. மோர் கொண்டாரேன்."

அவள் தோளுக்கு மேலே, திறந்த கதவு வழியாக நான் பார்த்தேன். உள்ளே இருட்டாக இருக்கவேண்டிய இடத்தில் வெளிச்சம். பின்சுவரே இல்லை. கூரையும் பாதி இல்லை. ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் கீழே அடுப்பும் ஒரு கயிற்றுக் கட்டிலும் கிடந்தன. அதற்குப் பின்னால் கரும்புக் காடு. சுவர் விழுந்து நாளாகியிருக்க வேண்டும், இடிந்த மண்ணின் மேல் புல் முளைத்திருந்தது. பெண் முழுகாமல் இருந்ததெல்லாம் இங்கேதான். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் வாயைத் திறந்தேன். மேஸ்திரியம்மா என் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள். வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த நாலு கேள்வியில் ஒன்றுகூட அவள் வாயில் வரவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படிங்களா சம்பந்தி" என்றாள். "ஈரச் சுண்ணாம்புல படுத்தா ஒடம்புக்கு ஆவாது. காயுற வரைக்கும் நம்ம வூட்டுல வந்து இருங்க. பேரனும் உங்களத்தான் தேடுறான்."

சம்பந்தியம்மாவின் கைகள் நிலைப்படியிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கின. அந்த விறைப்பான முகம் நெளிந்தது. "அன்னிக்கு உங்க வூட்டுல... நான் வேணும்னு பேசல சம்பந்தி. இங்கதான் வழியில்ல. அங்கயாவது புள்ள நனையாம படுக்கட்டுமேன்னு..."

"அதெல்லாம் எதுக்கு இப்ப? மாத்துத் துணிய எடுங்க. அண்ணன் வண்டி காத்துக்கிட்டு இருக்கு பாருங்க."

நான் வண்டியின் டயரைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு துணி மூட்டை, ஒரு சுவர்க் கடிகாரம், கால் கட்டிய ஒரு கோழி. அவ்வளவுதான் வண்டியில் ஏறியது. வழியில் இரண்டு பேரும் பேரனின் சளியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

இப்போது அந்தப் பயல் பள்ளிக்கூடம் போகிறான். தர்மகர்த்தா காலமாகிவிட்டார். சிஸ்டரை எங்கேயோ மாற்றிவிட்டார்கள், பொங்கலுக்கு போன் பண்ணுவார். பாயும் நானும் முட்டிவலியோடு எறையூர் பக்கம் போய், அந்த ஊர்க் கோயில்காரர்களையும் சர்ச்காரர்களையும் ஒன்றாக உட்காரவைக்கப் பார்க்கிறோம். அது வேறு மாவட்டம், கல் நிதி கிடையாது, சம்பந்தியம்மா வீட்டுக்கு வேறு திட்டத்தில் கேட்கவேண்டும், கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஒரு குடும்பத்துக்கென்று கட்டின அந்தச் சின்ன வீட்டில் இரண்டு குடும்பம் இருக்கிறது. மாப்பிள்ளை லீவில் வந்தால் என் குடோனில்தான் படுக்கிறான்.

தெருவுக்குப் புதிதாக வந்த ஒருத்தி போன வாரம் குழாயடியில் சம்பந்தியம்மாவிடம் கேட்டாள். "ஏங்க, இம்புட்டு நாளா சம்பந்தி வூட்டுலயே இருக்கீங்களே, ஊருக்கு எப்பப் போறீங்க?" சம்பந்தியம்மா குடத்தைப் பார்த்துக் குனிந்தாள். பின்னாலிருந்து மேஸ்திரியம்மா பாய்ந்து வந்தாள்.

"அவங்க வூட்டுல சுண்ணாம்பு அடிச்சிருக்குடி. இன்னும் காயல. உனக்கென்ன வந்துச்சு? தண்ணியப் புடி."